பூட்டிய கதவுக்குள் திகில்: ‘அந்த நாள்’ முதல் ‘ஒத்த செருப்பு’ வரை

ஒரே இடத்தில் தொடங்கி, அந்த இடத்தை விட்டு வெளியேறாமலேயே முடியும் திகில் படங்கள் தமிழில் மிகக் குறைவு. ஒரு வீடு, ஒரு திரையரங்கு, ஒரு விமானம், ஒரு விசாரணை அறை, ஒரு பேருந்து என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றுள் மிகக் கடுமையான கட்டுப்பாட்டைத் தனக்குத்தானே விதித்துக்கொண்ட படம் ‘ஒத்த செருப்பு சைஸ் 7’. 2019 செப்டம்பர் 20 அன்று வெளியான இப்படத்தை எழுதி, இயக்கி, தயாரித்து நடித்தவர் இரா. பார்த்திபன். திரையில் காணப்படும் மனிதரும் அவர் ஒருவரே. கதை நடக்கும் இடம் காவல் நிலையத்தின் விசாரணை அறை. மற்ற அனைவரும் குரல்களாக மட்டுமே வருகின்றனர்.

இப்படி ஒரு படம் திடீரென்று வந்துவிடவில்லை. அதற்கு முன்னால் அறுபத்தைந்து ஆண்டுக் கால முயற்சிகள் உள்ளன. சில தோற்றன, சில பாராட்டோடு நின்றன. தமிழ்த் திரைப்படம் ஏன் கதவைப் பூட்டத் தயங்கியது, பூட்டியவர்கள் எதை நம்பிப் பூட்டினார்கள் என்பதை இந்த வரலாறு காட்டுகிறது.

ஓரிடப் படம் எப்படி இயங்குகிறது

உலகத் திரைப்படத்தில் இதற்கு நல்ல முன்மாதிரிகள் உண்டு. ஆல்பிரட் ஹிட்ச்காக் 1944இல் ‘லைஃப்போட்’ படத்தை ஒரு உயிர்காப்புப் படகுக்குள்ளேயே எடுத்தார். 1948இல் ‘ரோப்’ படத்தை ஓர் அடுக்கக வீட்டுக்குள் முடித்தார். சிட்னி லூமெட்டின் ‘12 ஆங்க்ரி மென்’ (1957) ஏறக்குறைய முழுவதும் நடுவர்கள் கூடும் ஓர் அறையில் நடக்கிறது. ‘பரீட்’ (2010) படத்தின் நாயகன் படம் முழுதும் மண்ணுக்கடியில் ஒரு சவப்பெட்டிக்குள் கிடக்கிறான்.

இவற்றில் திகில் பிறக்கும் முறை ஒன்றுதான். பார்வையாளருக்கு வெளியே போக வழி இல்லை. வழக்கமான படத்தில் பதற்றம் கூடியதும் காட்சி வேறு ஊருக்கு மாறும், நகைச்சுவை வரும், பாட்டு வரும், மூச்சு விட்டுக்கொள்ளலாம். ஓரிடப் படத்தில் அந்த மூச்சு கிடைக்காது. பார்வையாளரும் உள்ளே அடைபட்டவர்களில் ஒருவராகிவிடுகிறார். இயக்குநருக்கும் தப்பிக்க இடமில்லை. கதையில் ஓட்டை இருந்தால் அதை மூடிமறைக்க ஊட்டியும் கொடைக்கானலும் கிடையாது.

வானொலி மறுத்த நாடகம்

தமிழில் இந்தத் திசையில் முதல் பெரிய அடியை எடுத்து வைத்தவர் வீணை எஸ். பாலசந்தர். அகிரா குரோசவாவின் ‘ராஷோமோன்’ (1950) படத்தைப் பார்த்து, ஒரே நிகழ்ச்சியைப் பலர் பலவிதமாகச் சொல்லும் முறையால் ஈர்க்கப்பட்டு அவர் ஒரு நாடகம் எழுதினார். அகில இந்திய வானொலி அதை ஏற்கவில்லை என்பர். பிறகு அந்தக் கதை ஏ.வி. மெய்யப்பனிடம் சென்றது. 1954 ஏப்ரல் 13 அன்று ஏவிஎம் தயாரிப்பாக ‘அந்த நாள்’ வெளிவந்தது. திரைக்கதை, வசனத்தை எழுதிய ஜாவர் சீதாராமன், துப்பறியும் அதிகாரியாக நடிக்கவும் செய்தார். சிவாஜி கணேசனும் பண்டரிபாயும் முதன்மை வேடங்களை ஏற்றனர்.

கதை நடக்கும் காலம் இரண்டாம் உலகப் போர். 1943 அக்டோபரில் சென்னை மீது ஜப்பானிய விமானம் குண்டு வீசிய நிகழ்ச்சிக்கு மறுநாள், ராஜன் என்ற வானொலிப் பொறியாளர் தம் வீட்டில் சுடப்பட்டுக் கிடக்கிறார். சுட்டது யார்? மனைவி, தம்பி, தம்பி மனைவி, பக்கத்து வீட்டுக்காரர், ராஜனுடன் பழகிய பெண் என்று ஒவ்வொருவர் மீதும் ஐயம் விழுகிறது. ஒவ்வொருவரும் மற்றொருவரைக் காட்டுகின்றனர். காட்சிகள் பின்னோக்கி வெளியிடங்களுக்கும் செல்வதால் இதை முழுமையான ஓரிடப் படம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் கதையின் கழுத்து ஒரு வீட்டுக்குள், ஒரு விசாரணையில் சிக்கியிருக்கிறது.

இப்படத்தில் பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டைக் காட்சி இல்லை. பாடல் இல்லாத முதல் தமிழ்ப் பேசும்படம் என்று பெயர் பெற்றது. இதில் வேடிக்கை என்னவென்றால், இயக்கியவர் பின்னாளில் நாடறிந்த வீணைக் கலைஞர். இசையில் ஊறியவரே இசைப்பாட்டை வேண்டாம் என்று ஒதுக்கினார். அன்றைய மக்கள் அதை ஏற்கவில்லை. விமர்சகர்கள் பாராட்டினர், வசூல் கைகொடுக்கவில்லை.

அதே ஆண்டு தேசிய விருதுகளில் ‘அந்த நாள்’ தமிழில் தகுதிச் சான்றிதழ் பெற்றது. அதற்கு மேலான வெள்ளிப் பதக்கத்தைப் பெற்ற படம், கோவை பட்சிராஜா ஸ்டுடியோவில் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு எடுத்த ‘மலைக்கள்ளன்’. நாமக்கல் கவிஞரின் கதை, எம்.ஜி.ஆர். நாயகன், குதிரை, மலை, குகை, பாட்டு என எல்லாம் திறந்த வெளியில். அந்த இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், தமிழ்ப் படம் அடுத்த பல ஆண்டுகளுக்கு எந்த வழியில் போயிற்று என்பது விளங்கும். கூட்டம் மலைக்கள்ளன் பின்னால் போயிற்று.

மேடையிலிருந்து வந்த வீடு

1960களில் ஓரிடக் கதைகள் மற்றொரு வாசல் வழியாக வந்தன. அது சபா நாடகம். மேடை நாடகத்துக்கு இயல்பாகவே ஒரு வீட்டுக் கூடம் போதும். சோபா, தொலைபேசி, மாடிப்படி, இரண்டு கதவுகள் இருந்தால் மூன்று மணி நேரம் ஓட்டிவிடலாம். கே. பாலசந்தர் அந்த மேடையில் வளர்ந்தவர்.

அவருடைய ‘நாணல்’ (1965) அவரே எழுதிய நாடகத்திலிருந்து உருவான படம். சிறையிலிருந்து தப்பிய கைதிகள் ஒரு குடும்பத்தின் வீட்டுக்குள் புகுந்து அவர்களைப் பிணையாகப் பிடித்து வைக்கின்றனர். இதற்கு அமெரிக்கப் படமான ‘தி டெஸ்பரேட் அவர்ஸ்’ (1955) தூண்டுதல். வெளியார் யாருக்கும் தெரியாமல் வீடு வழக்கம்போல் இயங்குவதாகக் காட்ட வேண்டும், உள்ளேயோ துப்பாக்கி. இந்த இரட்டை நிலைதான் அந்தக் கதையின் திகில்.

அடுத்த ஆண்டு வந்த ‘மேஜர் சந்திரகாந்த்’ இன்னும் நுட்பமானது. தங்கையை ஏமாற்றியவனைக் கொன்ற ஒருவன், கண்பார்வை இழந்த ஓய்வுபெற்ற மேஜர் ஒருவரின் வீட்டில் அடைக்கலம் புகுகிறான். அவன் கொன்றது அந்த மேஜரின் மகனைத்தான். மேஜரின் இன்னொரு மகன் காவல்துறை அதிகாரி. இந்த மூவரும் ஒரே வீட்டுக்குள் நடமாடும்போது, யாருக்கு எது எப்போது தெரியவரும் என்ற கேள்வியே படத்தை இழுத்துச் செல்கிறது. கொலையுண்டவன் பெயர் ரஜினிகாந்த். பிற்காலத்தில் சிவாஜி ராவ் என்ற இளைஞருக்கு கே. பாலசந்தர் சூட்டிய பெயர் இந்தப் பாத்திரத்திலிருந்து வந்ததுதான்.

பார்வையற்றவர் காதால்தான் ஆளை அறிகிறார். ‘அந்த நாள்’ வானொலிக்காக எழுதிய நாடகத்திலிருந்து பிறந்தது. தமிழின் ஓரிடத் திகில் படங்கள் தொடக்கத்திலிருந்தே கண்ணைவிடக் காதை அதிகம் நம்பியவை என்பதற்கு இவை இரண்டு சான்றுகள். இந்த இழை பின்னால் ‘ஒத்த செருப்பு’ வரை அறுபடாமல் வருகிறது.

வீணை பாலசந்தர் மீண்டும் ஒருமுறை கதவைப் பூட்டிப் பார்த்தார். 1970இல் வெளியான ‘நடு இரவில்’ படம் அகதா கிறிஸ்டியின் 1939ஆம் ஆண்டு நாவலான ‘அண்ட் தென் தேர் வேர் நன்’ கதையின் தாக்கம் பெற்றது. ஒதுக்குப்புறமான பெரிய மாளிகைக்குச் செல்வந்தர் ஒருவரின் உறவினர்கள் வருகின்றனர். ஒருவர் பின் ஒருவராகக் கொல்லப்படுகின்றனர். மேஜர் சுந்தரராஜன், பண்டரிபாய், சௌகார் ஜானகி ஆகியோருடன் பாலசந்தரும் நடித்து, இசையும் அமைத்தார். அவர் இயக்கிய கடைசிப் படம் இது. இதன் பிறகு வீணையே அவருடைய முழு வாழ்க்கையாயிற்று. 1990இல் அவர் மறைந்தபோது இசை உலகம் இழந்த அளவுக்குத் திரையுலகம் தன் இழப்பை உணர்ந்ததாகத் தெரியவில்லை.

பாட்டு என்னும் கதவு

இத்தகைய படங்கள் ஏன் பெருகவில்லை? திறமைக் குறைவு என்று சொல்லிவிட முடியாது. காரணம் வணிகத்தில் இருந்தது. தமிழ்ப் படத்தின் வருவாயில் பாடலுக்குப் பெரும் பங்கு உண்டு. இசைத்தட்டு, வானொலி, ஒலிநாடா, திருவிழா ஒலிபெருக்கி என எல்லா இடத்திலும் படத்துக்கு முன்னால் போய் விளம்பரம் செய்தது பாட்டுதான். பாட்டு என்றால் காட்சி வெளியே போகும். பூட்டிய அறைக்குள் பாட்டு வைத்தால் திகில் கலைந்துவிடும். வைக்காவிட்டால் விநியோகஸ்தர் வாங்கமாட்டார். இந்த இடுக்கில் மாட்டிக்கொண்டு கதைகள் பல எழுத்திலேயே நின்றுவிட்டிருக்க வேண்டும்.

படம் பார்க்க வருபவரின் நாளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். திரைப்பட வணிகத்தில் ‘கோவை ஏரியா’ என்று அழைக்கப்படும் கொங்குப் பகுதியை எடுத்துக்கொள்வோம். டூரிங் சினிமாவின் முன்னோடியான சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டிய காலத்திலிருந்து சினிமாவோடு வளர்ந்த மண் இது. இதில் அடங்கிய திருப்பூரில் பனியன் கம்பெனிதான் வாழ்க்கை. கட்டிங், ஓவர்லாக், பேட்லாக், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று ஒரே கூரைக்கடியில் காலை எட்டரைக்குத் தொடங்கும் வேலை, ‘ஒன்றரை ஷிப்ட்’ என்றால் இரவு எட்டு மணி வரை நீளும். வெளியே மழையா வெயிலா என்று தெரியாது. தையல் இயந்திரங்களின் இரைச்சலும் குழல்விளக்கு வெளிச்சமும்தான். சனிக்கிழமை கூலி வாங்கி, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கொட்டகைக்குப் போகிறவர் அங்கேயும் ஒரு மூடிய அறையைத்தான் பார்க்க வேண்டுமா? அவருக்கு மலையும் கடலும் வெளிநாட்டுத் தெருவும் வேண்டியிருந்தது. அதில் தவறு காண முடியாது. பாடல் காட்சி அவருக்கு விடுப்பு.

ஆகவே ஓரிடப் படம் எடுக்கிறவர், ஆறு நாள் அடைபட்டிருந்த மனிதரை ஏழாம் நாளும் விரும்பி அடைபட்டு உட்கார வைக்க வேண்டும்.

ஒரு கொட்டகை, ஒரு வெடிகுண்டு

இந்தச் சவாலை விடாமல் எடுத்துக்கொண்டவர் பார்த்திபன். அவர் கே. பாக்யராஜிடம் உதவி இயக்குநராகப் பயின்றவர். கோபிசெட்டிபாளையத்தை அடுத்த வெள்ளாங்கோயிலைச் சேர்ந்த பாக்யராஜின் பலம், பேச்சை வைத்தே காட்சியை நிற்க வைப்பது. மாணவரும் அதைக் கற்றுக்கொண்டார். ‘புதிய பாதை’ (1989) படத்தின் மூலம் இயக்குநரான பார்த்திபன், பத்தாண்டுகள் கழித்து 1999 தொடக்கத்தில் ‘ஹவுஸ்ஃபுல்’ படத்தை வெளியிட்டார்.

‘ஹவுஸ்ஃபுல்’ கதை ஒரு திரையரங்கில் நடக்கிறது. படம் ஓடிக்கொண்டிருக்கிறது, அரங்கு நிறைந்த கூட்டம். உள்ளே வெடிகுண்டு வைக்கப்பட்டிருப்பதாகத் தகவல் வருகிறது. உண்மையைச் சொன்னால் கூட்டம் சிதறி ஓடி மிதிபட்டே பலர் சாவார்கள். சொல்லாவிட்டால் குண்டு வெடிக்கும். அரங்கின் உரிமையாளராக, ஊரார் மதிக்கும் முதியவராகப் பார்த்திபன் நடித்தார். விக்ரம், ரோஜா, சுவலட்சுமி ஆகியோரும் நடித்தனர். பாடல்கள் இல்லை. பின்னணி இசை இளையராஜா.

இதில் ஒரு நுட்பம் உண்டு. திரையரங்கில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்தவர், திரையில் தம்மைப் போலவே வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களைத்தான் பார்த்தார். தம் இருக்கைக்கு அடியில் ஒருமுறை குனிந்து பார்க்கத் தோன்றியிருந்தால் வியப்பில்லை. தொலைக்காட்சியிலோ கைபேசியிலோ பார்ப்பவருக்கு அந்தக் கூச்சம் வராது. கொட்டகைக்கென்றே எழுதப்பட்ட கதை அது. 46ஆவது தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படமாக அது தேர்ந்தது. ஆனால் வணிகம் என்ற தேர்வில் அந்த அளவுக்கு மதிப்பெண் கிடைக்கவில்லை.

2011இல் ராதாமோகன் இயக்கிய ‘பயணம்’ இதே வகையில் வந்த மற்றொரு படம். சென்னையிலிருந்து டெல்லி புறப்பட்ட விமானம் கடத்தப்பட்டு, திருப்பதியில் தரையிறங்க நேர்கிறது. பயணிகளின் சிறுசிறு குணங்களை வைத்து நகைச்சுவையும் பதற்றமும் கலந்து சொல்லப்பட்ட படம். வெளியே அதிகாரிகள் நடத்தும் பேச்சுவார்த்தையும் சம பங்கு பெறுவதால் அடைபட்ட உணர்வு அதில் சற்றுக் குறைவே.

ஒரே ஆள்

‘ஹவுஸ்ஃபுல்’ படத்தில் ஓர் அரங்கு நிறைய மனிதர்களை அடைத்த இயக்குநர், இருபது ஆண்டுகள் கழித்து ஒரே ஒருவரை அடைத்தார். அந்த ஒருவர் மாசிலாமணி, கொலைக் குற்றத்துக்காகச் சந்தேகிக்கப்படும் காவலாளி. நோயாளியான மகன் காவல் நிலையத்தில் தந்தைக்காகக் காத்திருக்கிறான். உள்ளே அதிகாரிகள் மாறி மாறிக் கேள்வி கேட்கின்றனர். மாசிலாமணி அழுகிறார், சிரிக்கிறார், கெஞ்சுகிறார், எதையோ சொல்லத் தொடங்கி வேறெங்கோ போகிறார். அவர் அப்பாவியா, மனநலம் குன்றியவரா, எல்லாரையும் ஏமாற்றும் கெட்டிக்காரரா என்பது நிமிடத்துக்கு நிமிடம் மாறிக்கொண்டே இருக்கிறது. முடிவை இங்கே சொல்லாமல் விடுவதே இனிமேல் பார்ப்பவருக்குச் செய்யும் உதவி.

படம் பார்க்கும் மாணவர் ஒரு சட்ட விவரத்தை அறிந்திருப்பது நல்லது. படம் வந்த காலத்தில் நடைமுறையில் இருந்த 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், 25ஆம் பிரிவின்படி, காவல்துறை அதிகாரியிடம் ஒருவர் அளித்த குற்ற ஒப்புதலை அவருக்கு எதிராக நிரூபிக்க அனுமதிப்பதில்லை. அடித்து வாங்கிய ஒப்புதலைத் தடுப்பதற்காக ஏற்பட்ட விதி இது. ஆனால் 27ஆம் பிரிவின்படி, அவர் சொன்னதைக் கொண்டு ஒரு பொருளோ உண்மையோ கண்டுபிடிக்கப்பட்டால், அதற்குத் தொடர்பான பகுதி மட்டும் செல்லும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டத்திலும் இந்த ஏற்பாடு தொடர்கிறது. ஆகவே விசாரணை அறையில் ஒருவர் மூச்சுவிடாமல் பேசினாலும் காவல்துறையின் கை நிறைந்துவிடாது. சொல் வேறு, தடயம் வேறு. மாசிலாமணியின் பேச்சை இந்த அறிவோடு கேட்டால், அவர் எதைச் சொல்கிறார் என்பதைவிட எதைச் சொல்லாமல் விடுகிறார் என்பதில் கவனம் திரும்பும். பெயரில் உள்ள ஒற்றைச் செருப்பும் அப்போது வெறும் செருப்பாகத் தெரியாது.

திரையில் ஒரே நடிகர் என்பது இந்தியாவில் முற்றிலும் புதியதன்று. 1964இல் சுனில் தத் ‘யாதேன்’ என்ற இந்திப் படத்தை அவ்வாறு எடுத்தார். வீடு திரும்பும் கணவன், மனைவியும் பிள்ளைகளும் இல்லாத வீட்டில் தன்னோடு தானே பேசுகிறான். நர்கிஸ் நிழலுருவமாக மட்டும் வருகிறார். அந்தப் படத்தின் மையம் ஒரு மனிதனின் தனிமை. பார்த்திபனின் படத்திலோ நாயகன் தனியாக இல்லை. அறை நிறைய ஆட்கள் இருக்கின்றனர், நமக்குத்தான் தெரிவதில்லை. நடிப்பவருக்கு இது பெரும் சுமை. எதிரில் இல்லாத ஆளின் உயரத்துக்கு ஏற்பக் கண்ணைத் தூக்க வேண்டும், வராத அடிக்கு உடம்பை ஒடுக்க வேண்டும்.

குரல்கள் செய்த வேலை

இங்கேதான் காது மீண்டும் முன்னால் வருகிறது. காவலரின் பூட்ஸ் ஓசை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, கேள்வி கேட்பவர் நிற்கிறாரா உட்கார்ந்திருக்கிறாரா, கதவு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதெல்லாம் ஒலியால் மட்டுமே தெரிய வேண்டும். மாசிலாமணி பழைய கதையைச் சொல்லும்போதும் காட்சி பின்னோக்கிப் போவதில்லை. அவர் பேசப் பேச அந்த இடத்தின் ஓசைகள் அறைக்குள் வந்து சேர்கின்றன. ‘அந்த நாள்’ பின்னோக்கு உத்தியைப் படமாகக் காட்டியது, ‘ஒத்த செருப்பு’ அதையே கேட்க வைத்தது.

ஒலிக்கலவையைச் செய்தவர் ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்துக்காக ஆஸ்கர் பெற்ற ரசூல் பூக்குட்டி. ஒளிப்பதிவு ராம்ஜி, பின்னணி இசை சி. சத்யா. சந்தோஷ் நாராயணன் இசையில் ‘குளிருதா புள்ள’ என்ற ஒரு பாடலும் உண்டு. 1954இல் ஒன்றுகூட வேண்டாம் என்று பாலசந்தர் பிடிவாதம் பிடித்தார். 2019இல் இத்தனை துணிந்த படத்துக்கும் ஒரு பாட்டு தேவைப்பட்டது. இணையத்தில் முதலில் பரவுவது பாட்டுதான் என்பதால் இதைக் குறையாகச் சொல்ல வேண்டியதில்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. பார்த்திபனின் சொல்விளையாட்டு அவருடைய அடையாளம். பல இடங்களில் அது மாசிலாமணியின் தந்திரமாகப் பொருந்துகிறது. சில இடங்களில் பேசுவது காவலாளியா இயக்குநரா என்ற ஐயம் வருகிறது. இறுகியிருந்த கயிறு அப்போது சற்றுத் தளர்கிறது. இன்னும் முக்கியமானது மனைவி பாத்திரம். கொலைகளுக்கான காரணமெல்லாம் அவளைச் சுற்றியே இருக்கிறது. ஆனால் அவளை நாம் அறிவது பெரும்பாலும் கணவன் சொல்வதைக் கொண்டுதான். ‘அந்த நாள்’ படத்தில் மனைவியும் ஒரு சாட்சி, அவளுக்கும் தன் கதையைத் தன் வாயால் சொல்ல இடம் இருந்தது. ஒரே ஆளின் பேச்சை மட்டும் கேட்கும் படத்தில், இல்லாதவர் மீது சுமத்தப்படுவதை மறுக்க யாரும் இல்லை. வறுமையும் மகனின் மருத்துவச் செலவும் அந்தக் குடும்பத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்தின என்பதை அவள் சொல்லிக் கேட்டிருந்தால் கதையே வேறாக இருந்திருக்கும். இதை உணர்ந்து பார்ப்பவருக்கு மாசிலாமணியின் கண்ணீர் அவ்வளவு எளிதாக ஒட்டாது.

வெளியான பிறகு

படம் வந்த அதே நாளில் சூர்யா நடித்த ‘காப்பான்’ வெளியாயிற்று. ஒரு பக்கம் பெரிய நட்சத்திரம், பல நாட்டுக் காட்சிகள். மறுபக்கம் ஓர் அறை, ஓர் ஆள். எத்தனை திரைகள் யாருக்குக் கிடைத்திருக்கும் என்பதை ஊகிக்கக் கடினமில்லை. இருந்தும் படம் பேசப்பட்டது. அவ்வாண்டு கோவாவில் நடந்த 50ஆவது இந்தியப் பன்னாட்டுத் திரைப்பட விழாவின் இந்தியன் பனோரமா பிரிவில் இடம்பெற்றது. 2021 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட 67ஆவது தேசிய விருதுகளில் நடுவர் குழுவின் சிறப்பு விருது பார்த்திபனுக்கும், ஒலிக்கலவைக்கான விருது ரசூல் பூக்குட்டிக்கும் கிடைத்தன. படத்தின் இரு தூண்கள் ஒரு மனிதரும் ஒலியும்தான் என்பதை நடுவர்கள் சரியாகவே கண்டுகொண்டனர். பார்த்திபன் அத்தோடு நிற்கவில்லை. 2022இல் ‘இரவின் நிழல்’ படத்தில் முன்பின்னாகச் செல்லும் ஒரு கதையை ஒரே தொடர்காட்சியாக எடுத்தார்.

கோவா விழாவின் அதே பிரிவில் தமிழிலிருந்து சென்ற மற்றொரு படமும் ஒரு வீட்டுக்குள் நடப்பதுதான். லட்சுமி ராமகிருஷ்ணன் இயக்கிய ‘ஹவுஸ் ஓனர்’, 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தின்போது தம் வீட்டுக்குள் சிக்கிக்கொண்ட முதிய தம்பதியரின் கதை. கணவர் ஓய்வுபெற்ற ராணுவ வீரர், அல்சைமர் நோயால் நினைவிழந்து வருபவர். வீட்டை விட்டு வரமாட்டேன் என்கிறார். தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது. கொலையாளி இல்லாமலே திகில் உண்டாக்கிய படம்.

பிறகு வந்த பெருந்தொற்றுக் காலம் எல்லாரையும் வீட்டுக்குள் அடைத்தது. ஓடிடி தளங்கள் பெருகின. குறைந்த செலவில், குறைந்த ஆட்களோடு, ஓரிடத்தில் எடுக்கப்படும் படங்களுக்கு விநியோகஸ்தரின் கடைக்கண் பார்வை இனிக் கட்டாயமில்லை என்ற நிலை வந்தது. அலுவலகக் கட்டடம் ஒன்றில் சிக்கியவர்களைப் பற்றிய ‘லிஃப்ட்’ 2021இல் இவ்வாறு நேரடியாக இணையத்தில் வெளியானது.

2022 ஜூன் 17 அன்று அதே வழியில் வந்த ‘ஓ2’ கொங்குப் பகுதிக்கு மிகவும் நெருக்கமானது. ஜி.எஸ். விக்னேஷ் இயக்கிய இப்படத்தில், நுரையீரலைப் பாதிக்கும் சிஸ்டிக் பைப்ரோசிஸ் நோய் உள்ள மகனுக்குச் சிகிச்சை செய்ய ஒரு தாய் கோவையிலிருந்து கொச்சிக்கு ஆம்னி பேருந்தில் புறப்படுகிறாள். தாயாக நயன்தாரா நடித்தார். பையன் எப்போதும் ஆக்சிஜன் சிலிண்டரோடு இருப்பவன். மழையில் மண் சரிந்து பேருந்தை மூடிவிடுகிறது. கதவு, சன்னல் எதையும் திறக்க முடியாது. திறந்தால் மண்.

சொந்த வேலைகளுக்காகக் கிளம்பிய பயணிகள் சிலர் அதில் இருக்கின்றனர். போதைப்பொருளைக் கடத்திச் செல்லும் காவல்துறை அதிகாரியும் ஒருவர். காற்று குறையக் குறைய அத்தனை பேர் கண்ணும் பையனின் சிலிண்டர் மீது திரும்புகிறது. ‘ஒத்த செருப்பு’ படத்தில் நோயாளி மகன் கதவுக்கு வெளியே காத்திருந்தான், தந்தை உள்ளே பேசிக்கொண்டிருந்தார். இங்கே மகன் உள்ளேயே இருக்கிறான். அவன் விடும் ஒவ்வொரு மூச்சையும் பக்கத்து இருக்கைக்காரர்கள் எண்ணிக்கொண்டிருக்கின்றனர்.

பின்னலாடைப் பெட்டிகளை ஏற்றிய லாரிகளும் கேரளத்துக்குப் போகும் பேருந்துகளும் அவிநாசியைக் கடந்து, கோவை, வாளையாறு, பாலக்காடு வழியாகக் கொச்சிக்கு இரவு பகலாக ஓடுகின்றன. அந்தத் திசையில் பயணம் செய்து பழகிய திருப்பூர்க்காரருக்கு ‘ஓ2’ கதையின் பேருந்து புதிதல்ல. முன் இருக்கையின் பின்புறம் செருகிய தண்ணீர்ப் பாட்டிலும், இழுத்துவிட்ட திரைச்சீலையும், ஏசி காற்றில் போர்த்திய போர்வையும் அவர் அறிந்தவைதான்.